கப்பலுக்குத் தைத்த சுடிதார்

கப்பலில் போகப்போகிறோம் என்று என் கணவர் சொன்ன அன்று வீட்டில் சந்தோஷப்படாத ஒரே ஆள் நான்தான். அவருக்கு வங்கியில் வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு எங்காவது போய்வரச் சலுகை உண்டு. முன்பெல்லாம் கன்னியாகுமரி, பெங்களூர் என்று போய்வந்தோம். இந்த முறை அவரோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் போய்வந்து, மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதையே பேசிப் பேசி இவர் மனசைக் கெடுத்துவிட்டார். அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போவதென்றாலே எனக்கு முந்தின நாளிலிருந்து வேலை ஆரம்பித்துவிடும். கப்பல் என்றால் கேட்கவே வேண்டாம்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் கப்பலில் ஏறியவர் யாரும் இல்லை. அதனாலேயே ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கப்பலில் மீனைத் தவிர வேறொன்றும் போடமாட்டார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். குளிக்கிற தண்ணீர்கூட உப்பாக இருக்கும் என்றார் அடுத்த வீட்டு அம்மா. நான் இரண்டையும் நம்பினேன். பருப்புப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய், டின் நிறைய முறுக்கு, தலைசுற்றலுக்குச் சுக்கு என்று ஒரு பை தனியாகச் சேர்ந்தது. கப்பல்காரர்கள் அனுப்பியிருந்த அச்சடித்த தாளில் மெல்லிய பருத்தித் துணிகள், தொப்பி, ரப்பர் செருப்பு, நீச்சலுடை என்று போட்டிருந்தது. சத்தமாகப் படித்துக்கொண்டு வந்த என் கணவர் கடைசிச் சொல்லுக்கு வந்ததும் நிறுத்தி, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மகளுக்குப் பதினேழு வயது, மகனுக்குப் பதினாலு. இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வைப்பதைவிடக் கைக்குழந்தைக்கு எடுத்து வைப்பது எவ்வளவோ சுலபம். காலையில் நான் பெட்டிக்குள் வைத்ததைச் சாயங்காலம் இவர்கள் வெளியே எடுத்துப் போட்டார்கள். மறுபடியும் மடித்து வைத்தேன். மறுபடியும் எடுத்தார்கள். மகனுக்குத் தீபாவளிக்குத் தைத்த சட்டைகள் ஆகாது, டி-ஷர்ட் வேண்டும், கூலிங் கிளாஸ் வேண்டும். முழுக்கால்சட்டையின் அடியில் மடிப்பு தெரிகிறதாம், அதைப் பார்த்தால் கப்பலே சிரிக்குமாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றேன். வேலைக்குப் போகாத பெண்தானே, வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று என்னைச் சொல்கிறவர்கள் யாராவது அந்த வாரம் வந்து பெட்டியைக் கட்டியிருக்கலாம்.

அந்தக் கால்சட்டை மடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு யாரும் அளவாகத் தைக்கமாட்டோம். பையனுக்குக் கால்சட்டையின் அடியில் நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்போம். பெண்ணுக்குப் பாவாடையில் டக் பிடிப்போம், ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டு வைப்போம். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்துவிடலாம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் என் மகள் விஷயத்தில் நான் அதை வேறொரு காரியத்துக்கும் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பத்தாம் வகுப்பு முடித்த கோடையிலேயே என் நாத்தனார் ஒரு சம்பந்தத்தோடு வந்துவிட்டார். செட்டியார்பட்டியில் மாவு மில் வைத்திருக்கிற குடும்பம். என் கணவர் கெட்டவர் இல்லை. அக்கா பேச்சைத் தட்டத் தெரியாதவர், அவ்வளவுதான். பெண் படிக்கட்டும் என்று நான் வாயைத் திறந்தால், படித்து என்ன ஆகப்போகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் பாய்வார்கள். அதனால் நான் வாதமே செய்யவில்லை. "சின்னப் பிள்ளைங்க அது. உடம்புல சதையே பிடிக்கல. இன்னும் செத்த வளரட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

வாயால் சொன்னால் போதாது, பார்த்தாலும் அப்படித்தான் தெரிய வேண்டும். அன்றிலிருந்து அவளுக்குத் தைத்ததெல்லாம் தொளதொளவென்றுதான் இருந்தது. தலையில் இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன். நாத்தனார் வருகிற நாளில் பள்ளிக்கூட யூனிபார்மை மாற்ற விடாமல் அவளை அப்படியே கூடத்தில் உட்காரவைப்பேன். நாத்தனாரும் அவர் தம்பியும் அவளை மேலும் கீழும் பார்ப்பார்கள். கடைசியில் என் கணவரே, பிள்ளை இன்னும் பிள்ளையாகத்தான் இருக்கிறாள் என்பார். நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவார், இரண்டு மாதம் கழித்து மறுபடி வருவார். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்த்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது, அதுவரைக்கும் இப்படியே ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். என்னைப் பதினேழு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். இன்னும் வளரட்டும் என்று எனக்காகச் சொல்ல அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மகளிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னால் நேராகப் போய் அத்தையிடம் சண்டை போடுவாள், காரியம் கெட்டுப்போகும். அவளைப் பொறுத்தவரை நான் ரசனை கெட்ட அம்மா. கூடப்படிக்கிற பிள்ளைகளெல்லாம் அவளைத் தலையணை உறை என்று கேலி செய்தார்களாம். அதற்காக என்னோடு சரியாகப் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு.

பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அந்த மாதத்தில்தான் இந்தக் கப்பல் வந்து சேர்ந்தது. காற்றில் தாவணி நிற்காது, பிள்ளைக்குச் சுடிதார் தைத்துக்கொடு என்று என் கணவரே சொல்லிவிட்டார். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தையல்காரர் சுடிதார் நன்றாக வெட்டுகிறார் என்று கேள்விப்பட்டு, என்னை இழுத்துக்கொண்டு போனாள். நிமிர்ந்து நின்று அளவு கொடுத்தாள். தோள் இங்கே நிற்க வேண்டும், இடுப்பு இவ்வளவு பிடிக்க வேண்டும், நீளம் முழங்காலைத் தாண்டக் கூடாது என்று அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கோவிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாக மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். எல்லாப் பக்கமும் தாராளமாக விடுங்கள், நீளத்தையும் கூட்டுங்கள் என்று தையல்காரரிடம் சொன்னேன். பிள்ளைதான் அளவு கொடுத்துவிட்டுப் போனதே என்றார் அவர். "பிள்ளையப் பெத்தவ நான் சொல்லுதேன்" என்றேன். அவர் சாக்குக்கட்டியை எடுத்தார். போனதற்குக் கோவிலுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், பொய் முழுப் பொய்யாக இருக்க வேண்டாம் என்று.

தைத்து வந்ததை இஸ்திரி போட்டு, நேராகப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சினாள். கசங்கிவிடும், கப்பலில் போய்ப் போட்டுக்கொள் என்றேன். கப்பலில்தான் முதன்முதலாகப் போட வேண்டும் என்று அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது, அதனால் விட்டுவிட்டாள்.

செங்கோட்டை வழியாகக் கொல்லம், அங்கிருந்து எர்ணாகுளம். வழியெல்லாம் மூட்டைகளை எண்ணிக்கொண்டு வந்ததைத் தவிர எனக்கு வேறெதுவும் ஞாபகம் இல்லை. கப்பலில் எங்கள் நாலு பேருக்கும் ஒரே அறை, மேலே இரண்டு படுக்கை, கீழே இரண்டு. அப்பாவும் மகனும் மேல்தளத்தைப் பார்க்க ஓடிவிட்டார்கள். மகள் கதவைச் சாத்திவிட்டுச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

தோள் தையல் கையின் பாதிக்கு வந்து நின்றது. உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம்போல் இருந்தது. நீளம் கெண்டைக்காலைத் தொட்டது. சுவரிலிருந்த சின்னக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. தையல்காரர் தப்பாகத் தைத்துவிட்டாரா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. நான்தான் சொன்னேன், வளர்கிற பிள்ளைதானே என்றேன்.

"நான் வளந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா" என்றாள்.

அதன் பிறகு படுக்கையில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். பழைய தாவணியைப் போட்டுக்கொண்டு மேலே வர மாட்டேன், இந்தச் சாக்குப்பையிலும் வர மாட்டேன் என்றாள். அப்பாவும் தம்பியும் கூப்பிட வந்தபோது அவளுக்கு வயிற்றைப் புரட்டுகிறது என்று நான் சமாளித்தேன். மறுநாள் காலையில் கப்பல் தீவுக்கு அருகில் நின்றது. அவர்கள் இரண்டு பேரும் சின்னப் படகில் இறங்கித் தீவைப் பார்க்கப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் அறைக்குள்ளேயே கிடந்தோம். இவ்வளவு தூரம் இத்தனை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தது, ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பதற்கா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செட்டியார்பட்டி, மாவு மில், அத்தை, யூனிபார்மோடு அவளை உட்காரவைத்தது, தையல்காரரிடம் நான் தனியாகப் போய்வந்தது எல்லாம்.

எழுந்து உட்கார்ந்து கேட்டாள். அவளுக்குச் சம்பந்தம் வந்ததே தெரியாது. பிறகு சுடிதாரை எடுத்து என் மடியில் போட்டாள்.

"அளவாத் தச்சுக் குடும்மா. உள்ள மடிக்காத, வெட்டிரு."

அப்பா பார்ப்பாரே என்றேன். பார்க்கட்டும் என்றாள்.

எங்கள் வீட்டில் துணியை அப்படி வெட்டியதே இல்லை. மடித்துத்தான் பழக்கம். அவளை நிற்கவைத்துப் பக்கவாட்டில் ஊசி குத்தி அடையாளம் வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவள் கண் என் கண்ணுக்கு மேலே இருந்தது. இடுப்பும் தோளும் எப்போது இப்படி ஆயின என்று எனக்கே தெரியவில்லை. தொளதொளவென்று போட்டுப் போட்டு மற்றவர்கள் கண்ணை மறைத்ததில் என் கண்ணும் சேர்ந்து மறைந்துவிட்டிருந்தது. கப்பல் ஆட ஆட, குமட்டக் குமட்ட, சின்னக் கத்திரியால் வெட்டினேன், கையாலேயே தைத்தேன். மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் போட்டுக்கொண்டு, ரிப்பனை அவிழ்த்து ஒற்றைச் சடையாகப் பின்னி என் முன்னால் வந்து நின்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் கூட.

சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்து மேல்தளத்தில் இருந்தபோது நாங்கள் ஏறிப்போனோம். அவள் முன்னால் போனாள். படியின் தலைப்பில் நின்றிருந்த என் கணவர், யாரோ ஒரு பயணி வருகிறாள் என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். மகன்தான் சிரித்துக்கொண்டே, அக்காதானப்பா என்றான். அவர் அவளைப் பார்த்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்க நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிள்ளை வளந்துட்டா. ஊருக்குப் போனதும் அக்காட்டச் சொல்லிருவோமா, செட்டியார்பட்டிக்காரவுகள வரச் சொல்லி?"

என் கையில் இருந்தது ஒரே ஒரு பதில், சின்னப் பிள்ளை என்பது. இரண்டு வருடமாக அதையே சொல்லிக் காலத்தை ஓட்டியிருந்தேன். அவள் அப்படி நிமிர்ந்து நிற்கும்போது அதைச் சொல்ல முடியாது. என் கையாலேயே வெட்டிக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது.

காற்றில் அவர் பேசியது அவளுக்கும் கேட்டிருக்கிறது. கம்பியை விட்டுவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அம்மாட்டக் கேக்காதீங்க, என்னட்டக் கேளுங்க" என்றாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "நான் காலேஜுக்குப் போறேன். அவுகள வர வேண்டாம்னு சொல்லிருங்க."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. எங்கள் வீட்டில் அவரிடம் யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை, நான் உட்பட. மகன் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தான். என் கணவர் முகம் இறுகியது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவளும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"எந்தக் காலேஜு?" என்று கேட்டார். அவளிடம்தான் கேட்டார்.

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். எந்தப் பாடம், எத்தனை மார்க் வந்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் வேறெங்கே என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அவர் மறுத்தார், அவள் பதில் சொன்னாள், அவர் மறுபடி கேட்டார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் நாற்காலியில் சாய்ந்தபடி அப்படியே தூங்கிப்போனேன்.