தண்ணீருள்ள தேங்காய் எத்தனை துண்டாகும்?

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றேன். கும்பிடத்தான், ஆனால் அதைவிடத் தேங்காய் உடைவதைப் பார்க்க. சிரிக்காதீர்கள். எளிதில் நொறுங்கும் பொருட்கள் திடீர் அடியில் எப்படி உடைகின்றன என்று கம்பியூட்டரில் கணிப்பதுதான் என் ஆராய்ச்சி. நான் எடுத்துக்கொண்ட பொருள் தேங்காய். என் மொடல் ஐந்து துண்டு என்கிறது. கோயில் கல்லிலோ அது சிதறிப் போகிறது. செவ்வாய்க்குள் சரிவராவிட்டால் தலைப்பை மாற்று என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு, வயிறு எரியாதா?

காலை 6.45க்கு, எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓட்டோ பிடித்தேன். உடுவில் வழியாகச் சண்டிலிப்பாய்ப் பிள்ளையார் கோயிலுக்கு ஒன்பது கிலோமீற்றர், 1,100 ரூபா. பேரம் பேசினேன், ஓட்டோ அண்ணை மசியவில்லை.

கோயிலடிக் கடையில் தேங்காய் 190 ரூபா. மூன்று எடுத்தேன். கடைக்கார அக்கா ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கி, ஒன்றை ஒதுக்கினார்.

“உந்தத் தேங்காயை விடுங்கோ, தண்ணி வத்திப்போச்சு. அடிச்சால் நாலு துண்டாத்தான் போகும். சிதறாது.”

எனக்குத் திக்கென்றது. கமராவில் தெறிக்குமென்று, ஆய்வுகூடத்தில் நான் எல்லாத் தேங்காயையும் துளைத்துத் தண்ணீரை வடித்துவிட்டல்லவா உடைத்தேன்! மொடலிலும் வெறும் கோதுதான். அடி விழும்போது தண்ணீர் உள்ளிருந்து தள்ளும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

ஓட்டோவிலேயே மடிக்கணினியைத் திறந்து, தண்ணீரைச் சேர்த்து ஓடவிட்டேன். நாற்பது நிமிடம், காத்திருப்புக்கு 300 ரூபா. திரையில் பதினேழு துண்டு. தேங்காயோடு கோயிலடிக்கு ஓடினேன்.

கல்லில் ஓங்கி அடித்தேன். எண்ணக் குனிவதற்குள் சனம் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டோ அண்ணைதான் சனத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஒருத்தரும் போகாதேங்கோ. இந்தத் தங்கச்சியின்ரை படிப்பு உங்கடை கையிலைதான் கிடக்கு. ஆரிட்டை எத்தினை?”

“என்னட்டை மூண்டு.”

“எனக்கு ரெண்டு, ஒண்டு சின்னன்,” என்றார் கூட்டத்தில் ஒரு அக்கா.

“சின்னனும் கணக்குத்தான் அக்கா,” என்றேன். கூட்டிப் பார்த்தால் பதினாறு. அடுத்ததை எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உடைத்தேன்: பதினெட்டு. துள்ளாத குறைதான்.

போகிறவர்கள் ஏழரைக்கு முன் போய்விடுங்கள், பிறகு வெயில் கொளுத்தும். தேங்காயைக் குலுக்கிப் பார்த்து வாங்குங்கள். செருப்பைக் கழற்றியபின் தேங்காய்ச் சில்லுகளைப் பார்த்து நடந்து செல்லுங்கள், என் காலில் ஒன்று ஏறியது.

செவ்வாயன்று பேராசிரியர் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்தார். தலைப்பு தப்பியது. “நன்றியுரையில் அந்தக் கடைக்காரரின் பெயரைப் போட வேண்டும், என்ன பெயர்?” என்று கேட்டார்.

துண்டு துண்டாக எண்ணிய எனக்கு, அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.