வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள்

பரங்கிப்பேட்டை ஷஹனாஸுக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் பெயர். அண்ணாமலை நகரில் உளவியல் படித்தவள். கணவர் மஸ்கட்டில். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது அவள் வேலை. எது அன்பு, எது மிரட்டல், போனில் படம் கேட்டால் என்ன செய்வது, வெறியேற்றும் கூட்டங்கள் பிள்ளைகளை எப்படி வளைக்கின்றன என்று எல்லாம் பேசுவாள். இந்தக் கடைசி விஷயத்துக்கு வரும்போது மட்டும் ஆசிரியர்கள் அவளுடைய முக்காட்டைப் பார்ப்பார்கள். எதிர் பெஞ்சில் சாதிக் கயிறு கட்டிய கைகள் வரிசையாக இருக்கும். அது அவர்கள் கண்ணில் படாது.

முதுநகரில் ஒரு பள்ளியில் வகுப்பு முடிந்ததும் பதினொன்றாம் வகுப்பு அறிவுமதி அவளைத் தேடி வந்தாள். கூடப் படிக்கும் பையனிடம் பஸ் ஸ்டாப்பில் கணக்கு ஒன்று கேட்டிருக்கிறாள். பையன் வேறு சாதி. அவள் தெருக்காரன் இளவரசு, கயிறு கட்டியவன், மறைந்து நின்று படம் எடுத்துவிட்டான். இனி அவனோடு பேசினால் சாதிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன் என்று தினமும் மிரட்டுகிறான். பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"வூட்ல மட்டும் சொல்லிடாதீங்க மிஸ். படிப்ப நிறுத்திடுவாங்க."

ஷஹனாஸ் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யப் போனாள். தலைமையாசிரியர் தட்சிணாமூர்த்தி தடுத்தார். நல்ல மனிதர், அதுதான் வினை. கேஸ் என்று போனால் பெண்ணின் பெயர் கெட்டுவிடும், பெண் விஷயத்தை முதலில் பெற்றவரிடம் சொல்வதுதான் முறை என்றார். ஷஹனாஸுக்கும் ஒரு மகள் உண்டு. தனக்குத் தெரியாமல் தன் பிள்ளை விஷயம் ஸ்டேஷனுக்குப் போனால் பொறுப்பாளா? தலையாட்டிவிட்டாள். வாய் ஜாஸ்தி என்று பெயரெடுத்தவள், பேச வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கும்பிட்டு நன்றி சொன்னார். மறுநாளிலிருந்து அறிவுமதி பள்ளிக்கு வரவில்லை.

மனசு கேட்காமல் ஷஹனாஸ் அவள் வீட்டுக்குப் போனபோது நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. மாமன் மகன்தான் மாப்பிள்ளை. பதினெட்டு முடிந்ததும் கல்யாணமாம். சட்டத்துக்கு வேலை வைக்காமல் கெட்டிக்காரத்தனமாக முடித்திருந்தார்கள். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தவன் இளவரசு. அப்பா அவன் தோளைத் தட்டினார்.

"இந்தத் தம்பி பார்க்கலன்னா எங்க மானமே போயிருக்கும்மா."

ஷஹனாஸ் காபியை வாங்காமல் எழுந்தாள். செருப்பு போடும்போது அறிவுமதி பக்கத்தில் வந்து நின்றாள். பட்டுப்புடவை அவளுக்குப் பெரிதாக இருந்தது. ஷஹனாஸ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்தப் பெண் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"வேற ஸ்கூல்ல எவளாவது உங்கள நம்பி வந்தா, திருப்பி அனுப்பிடுங்க மிஸ்," என்றாள். "அவன ஒருத்தன நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன்."