உப்பில்லாத கடல்

மூன்றாம் வகுப்பில், இலையுதிர்கால விடுமுறைக்கு முன் ஆசிரியை எங்களுக்கு ஒரு வேலை தந்தார்: போகும் இடத்திலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் இத்தாலிக் கடலுக்குப் போகிறவர்கள். நானும் கடலுக்குத்தான் போகிறேன் என்று கையை உயர்த்திச் சொல்லிவிட்டேன். வீட்டில் அதுவரை கேட்டிருக்கவில்லை.

கேட்டபோது அப்பா "பாப்பம்" என்றார். சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தம். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு முன் அழுதேன். சாப்பிட்ட பிறகு அழவில்லை. மூன்றாம் நாள், எங்கள் உறவில் கார் வைத்திருந்த ஒரே ஆளான மாமா, அம்மாவின் தம்பி, வந்தார்.

"அழாதை பிள்ளை. கடலுக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் மாமாவும் அப்பாவும். பின்னால் அம்மாவும் நானும், நடுவில் இடியப்பப் பெட்டியும் அவித்த முட்டை ஆறும். கடல் மிகத் தூரம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மாமாவுக்கும் தெரியும். ஆகவே முதலில் ஒரு மலைக்காட்டுக்குள் காரை ஏற்றினார். ஊசியிலை மரங்களின் நுனியைக் காண யன்னல் கண்ணாடியில் கன்னத்தை ஒட்ட வேண்டியிருந்தது. காலை பத்து மணிக்கே மாமா விளக்கைப் போட்டு ஓட்டினார்.

"மாமா, இந்த மரப்பாலம் முதலும் வந்தது."

"இத்தாலிப் பக்கம் பாலமெல்லாம் இப்பிடித்தான்."

அதே பாலம் மூன்றாம் தடவை வந்தபோது அம்மா சிரிப்பை மறைக்கச் சால்வையால் வாயை மூடிக்கொண்டார்.

காடு முடிந்ததும் பாதை செங்குத்தான பாறையை ஒட்டி ஓடியது. பாறையைக் குடைந்த வழிகளுக்கு நடுவே, கீழே நீர். அன்று தெற்குக் காற்று பலம். அலைகள் நுரைத்துக் கற்களில் மோதின. நான் கத்தியே விட்டேன். கார் நின்றதும் இறங்கி ஓடி, விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன்.

"உப்பில்லை."

"சுவிஸ்காரர் எல்லாத்தையும் துப்புரவாக்கிறவை," என்றார் மாமா. "உப்பையும் எடுத்துப்போட்டினம்."

"அங்கால கரை தெரியுது."

"எல்லாக் கடலுக்கும் அங்கால ஒரு கரை இருக்கு. இது கொஞ்சம் கிட்ட."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து ஒரு கை நீரை அள்ளிக் குடித்தார்.

"ஓம், உப்பில்லைத்தான். இது ஏரி. கடலுக்கு அப்பா ஒருநாள் கூட்டிக்கொண்டு போறன்."

"அத்தான்! இவ்வளவு தூரம் ஓடி வந்ததைக் கெடுத்துப்போட்டியளே!"

நான் அழுதேன். வகுப்பில் எதைக் காட்டுவது? அப்பா காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். அரை மணி நேரம் தேடி, வெள்ளைக் கோடு ஓடிய கறுப்புக் கல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். வகுப்பில் அதை ஏரிக் கல் என்றே சொன்னேன். ஆசிரியை அதை வாங்கி, மற்றவர்கள் கொண்டுவந்த சிப்பிகளுக்கு நடுவில் வைத்தார்.

அப்பாவின் அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகியிருக்கவில்லை. நாட்டின் எல்லையைத் தாண்ட அவருக்கும் அம்மாவுக்கும் அனுமதி இல்லை. அதைக் காட்டும் தாளை பிளாஸ்டிக் உறையில் இட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அந்த நிலை மாற இன்னும் ஆறு வருடம் எடுத்தது. மாறிய கோடையிலேயே கடலுக்குப் போனோம். உப்பு இருந்தது.

எனக்காக ஒரு தூரத்தையே உண்டாக்கிய மாமாவுக்கும், அதைக் கலைத்து உண்மையைச் சொன்ன அப்பாவுக்கும் நான் ஒரே அளவு நன்றியுள்ளவள். அன்று மாலை எழுதிய குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் எழுதிய முதல் நாட்குறிப்பு அதுதான்:

"புறப்பட்டது 7.00. முட்டை 6. பாலம் 1, மூன்று தடவை. பொலிஸ் கார் 2. இரண்டு தடவையும் அப்பா சட்டைப்பையைக் கையால் பொத்திப் பிடித்தார். அப்பாவுக்கு நெஞ்சு நோகிறது போல."