ஒரு கரண்டி பொங்கலும் இரண்டு கோர்ட்டும்

போன திங்கட்கிழமை திருத்தணி பஸ் ஸ்டாண்டில் முனிரத்தினத்தைப் பார்த்தேன். கையில் கேஸ் கட்டு. முகத்தில் ஈயாடவில்லை. திருவள்ளூர் கோர்ட்டிலிருந்து வருகிறாராம்.

அவருக்கு ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் கரும்பு. ரோட்டிலிருந்து இருபது அடி தூரம் பாவாவின் நிலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். பாவா என்றால் அக்கா புருஷன். ஏதோ மனத்தாங்கலில் அவர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். டிராக்டர் போக வழியில்லை. வெட்டிய கரும்பு அத்தனையும் தலைச்சுமையாக வெளியே வந்தது. மனுஷன் அழாத குறை.

உள்ளூர் கோர்ட்டில் கேஸ் போட்டார். விசாரணை முடிந்து தீர்ப்புக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் கிருத்திகை வந்தது...

மலைக்கோயிலில் பாவா வருஷா வருஷம் அன்னதானம் போடுவார். அன்று வரிசையில் நின்று ஜட்ஜும் ஒரு தொன்னை பொங்கல் வாங்கிவிட்டார்!

முனிரத்தினம் என்னிடம் ஓடிவந்தார். "சார், கேஸை வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி மனு போடப்போறேன். பாவா கையால ஜட்ஜு பொங்கல் வாங்கித் துன்றாரு!"

"நீங்க எப்படிப் பாத்தீங்க?"

"பின்னாடியே நின்னுகினு இருந்தேனே!"

"எதுக்கு?"

"ஆங்... பொங்கலுக்குத்தான். எனக்கு ஒரு கரண்டி கூடவே போட்டாரு."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "தீர்ப்பு நமக்குச் சாதகமா வர்ற நேரத்துல ஏன்யா?" கேட்டால்தானே? மனு போனது. தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஜட்ஜே எழுதிவிட்டார். "பாத்தீங்களா, மாட்டிக்கினாரு!" என்றார் முனிரத்தினம். ஆட்சேபித்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

நமக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதைவிட, எதிராளிக்குக் கிடைத்துவிடக்கூடாதே என்ற கவலைதான் நமக்கெல்லாம் பெரிது — இல்லையா?

கேஸ் திருவள்ளூருக்கு மாறியது. கோடை விடுமுறையோடு ஜட்ஜுகளுக்கு டிரான்ஸ்ஃபரும் வந்தது. திங்கட்கிழமை கோர்ட்டில் முனிரத்தினம் நிமிர்ந்து பார்க்கிறார்... நாற்காலியில் அதே ஜட்ஜ்!

கேஸ் கட்டைப் பார்த்ததும் ஜட்ஜுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். தான் விசாரிப்பது முறையல்ல, வேறு கோர்ட்டுக்கு மாற்றுங்கள் என்று மேலே எழுதி அனுப்பிவிட்டாராம்.

"அடுத்த வெட்டுக்கும் தலைச்சுமைதான் சார்..." என்றார். எனக்கே பாவமாகிவிட்டது.

"பஸ்ஸுல கூட்டமா?" என்றேன், பேச்சை மாற்ற.

"பஸ்ஸு எங்க சார்? பாவா பைக்குலதான் வந்தேன். இப்பதான் எறக்கி விட்டுட்டுப் போறாரு."

தூக்கிவாரிப் போட்டது. "அவ்வளவு தூரம் ஒண்ணா வந்தீங்க... அந்தப் பாதையைப் பத்திப் பேசலையா?"

"கேஸு கோர்ட்டுல இருக்கறப்ப நாங்க பேசிக்கலாமா? தப்பாச்சே!"

கேஸ் அன்றைக்கு எந்தக் கோர்ட்டிலும் இல்லை.