மேஸ்திரி வைத்த சுமைதாங்கி

நல்லப்பன் மேஸ்திரி காலமான செய்தியை மிளகு வாங்க வந்த ராவுத்தர்தான் கொண்டுவந்தார். பொதிமாடுகளை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, “நர்சம்மா, உங்க கட்டடத்து மேஸ்திரி தவறிட்டாருங்க. நாலு நாள் காய்ச்சலாம்” என்றார். ஒருவர் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை முடித்துவிட்டு உள்ளே போய், மேஸ்திரி எழுப்பிய சுவரில் கை வைத்து நின்றேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் இங்கே பிரசவ அறை கட்டினார்கள். நான் ஆலத்தூர் நாட்டுக்கு வேலைக்கு வந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கல் மலையிலேயே கிடைத்தது. சுண்ணாம்பும் ஓடும் முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாக வரவேண்டும். சாயங்காலமானால், சுமந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். தைலம் தேய்ப்பேன், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பேன். மறுநாளும் அவர்களே வருவார்கள்.

ஒரு நாள் மேஸ்திரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். பெண்களிடம் பேசும்போது பார்வையைத் தரையில் வைத்துக்கொள்வார்.

“ஏனுங்க நர்சம்மா, நீங்க சாயங்காலம் ஒட்டறீங்க, நான் காலையில ஒடைக்கறன். ரெண்டு பேருல ஒருத்தராச்சும் நிறுத்தோணுமில்லீங்க?”

நிறுத்தியவர் அவர்தான். கூடைகளைச் சிறிதாக்கினார். வேலை தாமதமாகிறது என்று காண்டிராக்டர் கத்தியபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, மறுநாளும் சிறிய கூடைகளையே கொடுத்தார். தரையில் குனிந்து சுண்ணாம்பு குழைத்தவர்களுக்கு இடுப்பு உயரத்தில் மேடை கட்டிக் கொடுத்தார். “குனியாதே, குந்து. குந்தித் தூக்கு” என்பது நாள் முழுதும் அவர் வாயில் இருக்கும். ஒரு வாலிபன் பாறாங்கல் ஒன்றை ஒற்றை ஆளாய்ப் புரட்டித் தூக்கப் பார்த்தான். “ஏன்டா சாமி, யாருகிட்ட வீரம் காட்டற? மலையே மேல உக்காந்திருந்தப்பக்கூட அசராத கல்லுடா அது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, இன்னொருவனைத் துணைக்குக் கூப்பிட்டான்.

அப்படியும் சுமை கொண்டுவந்த பெண்களின் முதுகுவலி தீரவில்லை. மேஸ்திரி ஒரு நாள் அவர்கள் பின்னாலேயே மலையேறிப் பார்த்துவிட்டு வந்தார். “சுமக்கறதுல முறியறதில்லீங்க. வழியில எறக்கி வெச்சா மறுபடி தூக்கிவிட ஆளில்லை. அதனால நிக்காமயே வாராங்க” என்றார். என் மருத்துவப் புத்தகத்தில் முதுகெலும்பைப் பற்றி நிறைய இருந்தது. இளைப்பாற இடம் வேண்டும் என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்த வாரமே பாதி ஏற்றத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தினார். தோள் உயரச் சுமைதாங்கி. நின்றவாக்கிலேயே சுமையைத் தள்ளி வைத்து, நின்றவாக்கிலேயே மறுபடி தலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

யாரும் அதைத் தொடவில்லை. அதுமட்டுமல்ல, அதைப் பார்க்காமலிருக்கச் செங்குத்தான குறுக்குத்தடத்தில் ஏறத் தொடங்கினார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வைப்பதல்லவா சுமைதாங்கி? செத்தவள் பேர் இல்லாமல் கல் நட்டால், அது ஒருத்தியைக் காவு கேட்காமல் விடாது என்று பேச்சு. அந்தக் கூட்டத்தில் கர்ப்பிணி ஒருத்திதான் இருந்தாள். பாவாயி. ஐந்து மாதம்.

குறுக்குத்தடத்தில் கால் சறுக்கி, இடுப்பு பிடித்துக்கொண்டு, அவளை என்னிடம் தூக்கி வந்தார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றேன். அவள் அதைக் கேட்கவேயில்லை.

“அந்தக் கல்லு எனக்குத்தானுங்களா, நர்சம்மா?”

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லையாம். அவள் மாமியார் நேரே மேஸ்திரியிடம் போய், “எம்மட ஊட்டுப் புள்ளைக்கு உசுரோட கல்லு வெச்சியே, நீ நல்லாருப்பியா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள். மேஸ்திரி மலையடிவாரத்துக்காரர், இந்த வழக்கம் தெரியாதவரல்ல. வலியையே நினைத்துக்கொண்டிருந்ததில் அதை மறந்திருக்கிறார். கல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று நானும் சொன்னேன். மலையிறங்கிப் போனார்.

மறுநாள் காலையில் மஞ்சளும் குங்குமமும் பூவும் தேங்காயுமாக வந்து கல்லின் முன் நின்றார். நானும் போயிருந்தேன். கல்லுக்குப் பொட்டு வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“இது எம் பொஞ்சாதிக்குங்க. மரகதம்னு பேரு. மாசமா இருக்கறப்பப் போயிட்டா. ஒரு கல்லு வைக்கோணும்னு ரொம்ப நாளா மனசுல.”

“இதைய மொதல்லயே சொல்லறதுக்கென்ன, மனுசா?” என்று மாமியார் மூக்கைச் சிந்தினாள். அடுத்த நாளிலிருந்து அந்தக் கல்லில் கூடைகள் இறங்கின. பாவாயியை மட்டும் மேஸ்திரி மேலேயே நிழலில் ஓடு அடுக்க வைத்துக்கொண்டார். பிறகு பெண்கள் அவரை விடவில்லை. மரகதம் நல்ல சிவப்புங்களா? கோபம் வருமா? “வருமுங்க, கொஞ்சம்” என்பார் கூச்சத்தோடு. இன்னொருவர் துக்கத்தைத் துருவுவது எனக்குப் பழக்கமில்லை. நான் எதுவும் கேட்டதில்லை.

புது அறையில் முதலில் பிறந்தது பாவாயியின் மகள்தான். மரகதம் என்று பேர் வைத்தாள். செய்தி சொன்னதும் மேஸ்திரி சுவர்ப்பக்கம் திரும்பி, பூசி முடித்த இடத்தையே மறுபடி பூசிக்கொண்டிருந்தார்.

ராவுத்தர் சொல்லிப்போன நான்காம் நாள், மேஸ்திரியின் தம்பி கருமாதிக்கு அழைக்க மலையேறி வந்தார். அண்ணியும் முன்பே போய்விட்டார்களே என்று நான் ஆறுதலாய் ஏதோ சொல்ல, அவர் விழித்தார்.

“அண்ணியா? எங்கண்ணனுக்குக் கண்ணாலமே ஆகலீங்க. பொண்ணுப் பார்க்கக் கூட்டிட்டுப் போனா, கூச்சத்துல ஊட்டுக்குப் பின்னால பொடக்காளி வழியா ஓடிப்போயிருவாருங்க.”

இதை யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஏழு வருடமாகப் பாவாயி அந்தக் கல்லுக்கு ஆடி மாதம் தோறும் விளக்கு வைத்துவருகிறாள். ஆனால் அன்றே வந்து கேட்டாள்: “மரகதத்தம்மா பக்கத்துலயே அவரையும் பொதைச்சாங்களா, நர்சம்மா?” அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அவரால் எப்படி முடிந்ததோ.

சொன்னேன்.

“அப்ப கல்லு யாருக்குத்தானுங்க?”

“உனக்குத்தான், பாவாயி. உனக்கும் கூட நடந்தவர்களுக்கும்.”

“பெரிய திருடனுங்க அந்த மனுசன்” என்றாள். சிரிக்க ஆரம்பித்து அழுதாள். “அந்தப் பேரு அப்ப எம்புள்ளைக்குத்தான் மொதல்ல.” இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். “எழுதுங்க. வெளக்கு நான் நிறுத்த மாட்டேன்” என்றாள்.

கருமாதிக்கு ஒன்பது பேர் இறங்கிப் போனோம். சம்சாரம், பிள்ளை என்று ஒருவரும் இல்லாத வீடு. தம்பி வாசலுக்கு வந்து, மலையிலிருந்து யார் யார் வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். பாவாயி தன் பின்னால் ஒளிந்திருந்த மகளை முன்னால் நகர்த்தினாள்.

“மரகதம் வந்திருக்குதுங்க” என்றாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “வா கண்ணு, உள்ள வா” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். முதல் பந்தியில், அவருடைய வீட்டாரோடு அவளை உட்கார வைத்தார்கள்.

மேஸ்திரி அவர்களே, உங்கள் வீட்டில் அன்று மரகதம் வயிறாரச் சாப்பிட்டாள். நாங்கள் வருகிறோம்.