சுரங்கத்துக்குள் ஒரு அரை மணி

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜை மதியம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு நான் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கையில் ஐந்து மாதப் பையன். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் பம்பு பார்க்கும் வேலை. பூஜையன்று குடும்பத்துப் பெண்களை வேனில் ஏற்றி உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தை ஒரு தடவை வந்துதான் பாரேன் என்று அவர் ஒரு வாரமாய் நச்சரித்தார். பூஜையானாலும் பம்புக்கு லீவு கிடையாதாம். அவருக்கு ஷிப்ட், நான் தனியாகத்தான் போகவேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. என் பையனோ தாய்ப்பால் தவிர வேறெதையும் தொடமாட்டான். பசும்பாலைச் சங்கில் புகட்டினால் என் முகத்திலேயே துப்புவான். பக்கத்து வீட்டுக்கு முத்தாண்டிக்குப்பத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு குடிவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பார்த்தால் சிரிப்போம், அதோடு சரி. என்ன ஆட்கள் என்று தெரியாமல் ஒட்டக்கூடாது என்று சொல்லி வளர்த்த வளர்ப்பு என்னுடையது. ஆனாலும் வேறு யாரிடம் விடுவது? அரை மணிதானே என்று வயிறு நிறையப் பால் கொடுத்து, தூங்கினவனை அவளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

முன்னால் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வேன் புறப்பட்டது. சரிவுப் பாதையில் இறங்க இறங்க, இரண்டு பக்கமும் மண் சுவர் உயர்ந்துகொண்டே போனது. மேலே செம்மண், கீழே மஞ்சள் மணல், அதற்கும் கீழே வெள்ளைக் களி, அடியில் கறுப்பாய் நிலக்கரி. மருந்துக்கும் ஒரு புல் இல்லை. பாலைவனத்துப் பள்ளத்தாக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், ஏதோ பாலைவனத்தை நேரில் கண்டவள் மாதிரி. ஓரமாய் ஒரு ராட்சச மிஷின் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு நின்றது.

சுற்றிக் காட்ட வந்த ஓவர்சியர், நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, பம்பு ராப்பகலாய் இறைத்தால்தான் இந்தப் பள்ளத்தில் ஆள் நிற்க முடியும் என்றார். பம்பு நின்றுவிட்டால் என்று ஒருத்தி கேட்டாள். அதற்குத்தான் உங்கள் வீட்டுக்காரர்கள் கண்ணும் கருத்துமாய் இருக்கிறார்களே என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் மதியச் சாப்பாடு இறங்கியதும் குறட்டை விடுகிற ஆள்.

திரும்பும் நேரத்தில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம்தான், ஆனால் கொட்டித் தீர்த்துவிட்டது. மழை விட்டதும் வேன் ஏற்றத்தில் பாதி ஏறியது. அங்கே சக்கரம் களிமண்ணில் வெறுமனே சுற்ற, வண்டி அப்படியே பக்கவாட்டில் வழுக்கியது. என் ஜன்னலுக்கு வெளியே பாதை இல்லை, பள்ளம்தான். ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டோம். டிரைவர் எப்படியோ அடக்கி, மெல்ல மெல்லப் பின்னாலேயே இறக்கிச் சமதளத்தில் நிறுத்தினார்.

"ஈரம் காயாம ஏத்தமாட்டேங்க. யார் என்னா திட்டினாலும் சரி."

நடந்தாவது போகிறேன் என்றேன். கரையில் மண் சரிகிறது, ஒருத்தரையும் விடமாட்டேன் என்று ஓவர்சியர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

ஒரு மணி ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டது. பிறகு தானாகவே பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே பிள்ளை வீறிட்டு அழுகிறான் என்று எனக்கு யாரும் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள் எதையாவது புகட்டி அவனுக்குப் புரையேறினால்? பாவி, பள்ளம் பார்க்க வந்தாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பாதையில் ஆட்கள் சரளை கொட்டி, வேன் மேலே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

வேன் நின்ற இடத்திலிருந்து ஓடினேன். அவள் வீட்டில் அழுகைச் சத்தம் இல்லை. அதுதான் இன்னும் பயமாயிருந்தது. கதவைத் தள்ளினால், என் பையன் பாயில் கையை விரித்துப் போட்டுத் தூங்குகிறான். அவள் சுவரோரம் எழுந்து நின்றாள், தப்புச் செய்து பிடிபட்டவள் மாதிரி.

"புள்ள அழுதுகினே இருந்திச்சிக்கா. சக்கரத் தண்ணி குடுத்தேன், துப்பிட்டான். மனசு கேக்கல, எம் பாலையே குடுத்துட்டேன். நாங்க இன்ன ஆளுங்கன்னு தெரிஞ்சா உங்க வூட்ல கோச்சிக்குவாங்க. சொல்லிடாதீங்கக்கா."

அதற்குள் அவள் பெண் குழந்தை முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அதன் பங்கைத்தான் என் பையன் குடித்துவிட்டானே. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அந்தக் குழந்தையை வாங்கி என் மார்போடு சேர்த்துக்கொண்டேன். அது குடிக்கக் குடிக்க என் வலி இறங்கியது. அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

சேற்றில் வண்டி வழுக்கிய பயம் எத்தனையோ வருஷம் முன்பே போய்விட்டது. பசித்த பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் என்னிடம் கேட்ட அந்த மன்னிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.