கவிழ்த்த துரும்பு

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில், அகதி முகாமின் ஓர் அறையில் நாங்கள் நால்வர் இருந்தோம். வகுப்பில் படித்த அரைகுறை டேனிஷ் கடைக்குப் போதும். மனம்விட்டுப் பேசியதெல்லாம் சீட்டுப் பாஷையில்தான். இருவர் ஒரு பக்கமாக முன்னூற்றி நாலு ஆடுவோம். ஜாக் எங்களுக்கு ‘வீறு’, அதுதான் பெரிய சீட்டு. எட்டுச் சுற்றின் பிடியும் எங்கள் பக்கமே விழும் என்று சவால் விட்டால் அது ‘கம்மாறிசு’. சவால் விட்டவர் தன் துரும்பை, மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டொன்றை, கவிழ்த்து மேசையில் வைப்பார். அவர் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

எங்களில் மூத்தவர் மன்னார்க்காரர், அண்ணை என்போம். அவருடைய மனைவியும் மகனும் கிழக்கு பெர்லின்வரை வந்து, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கப்பல் ஏற்றுவான் என்று காத்திருந்தார்கள். மகனுக்கு வாங்கிய பனிச் சப்பாத்து அவர் கட்டிலுக்குக் கீழே இருந்தது. ஒரு மத்தியானம், முதல் நான்கு சீட்டு கைக்கு வந்ததுமே அவர் சொன்னார்:

“கம்மாறிசு. இது வெண்டா அவையள் வந்து சேருவினம்.”

எனக்கு எரிச்சல் வந்தது. பெண்சாதி பிள்ளையை வைத்தா சீட்டு விளையாடுவது?

துரும்பைக் கவிழ்த்தார். மிச்சச் சீட்டையும் பகிர்ந்து முடிக்க, முகாம் கந்தோரில் அவருக்குத் தொலைபேசி என்று கூப்பிட்டார்கள். ஓடிப்போனவர் ஓடிவந்து ஜாக்கெட்டை மாட்டினார்.

“கப்பல் ஏத்தியாச்சாம், ஏஜென்சிக்காரன் சொல்லுறான். துறைமுகத்துக்குப் போறன். துரும்பைத் தொடாதேங்கோ.”

அன்று அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நாங்கள் மேசையை விட்டுக் கட்டிலில் இருந்தபடி சாப்பிட்டோம். மேசை துடைக்க வந்த டேனிஷ் பெண்ணை மூன்று பேருமாக “நை, நை” என்று தடுத்தோம். அவள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். ஹீட்டர் சூட்டில் அந்தச் சீட்டு வளையத் தொடங்கியது. ஒரு மூலை மெல்ல மெல்ல எழும்பியது, தானாகவே புரளப் பார்ப்பதுபோல. பேய் பிசாசை நம்பாத எனக்கே அந்தப் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. ஆட்டத்தில் நான் அவருக்கு எதிரணி. என் கையில் ஆடுதன் வீறு, அதாவது ஹார்ட்ஸ் ஜாக், இருந்தது. துரும்பு ஆடுதன் என்றால் ஒரு பிடி எனக்கு விழும்; அது ஆடுதனாக இருக்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அண்ணை தனியாக வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றாமலே மேசையடியில் வந்து இருந்தார்.

“அந்தக் கப்பலிலை அவையள் இல்லை. விளையாட்டை முடிப்பம்.”

துரும்பைத் திருப்பினார். ஆடுதன். அதையே இறக்கினார். நான் வேறு சீட்டொன்றைப் போட்டேன்.

“ஆடுதன் இல்லை அண்ணை.”

என் முகத்தைப் பார்த்தார்.

“வீறு உம்மட்டைத்தான் இருக்கு. பிச்சையா வெண்டு என்ன செய்ய? போடும் தம்பி.”

போட்டேன்.

அந்தப் பிடி எனக்கு விழ, கம்மாறிசு தோற்றது. அண்ணை கட்டிலுக்குக் கீழே குனிந்து சப்பாத்தை எடுத்துப் பக்கத்து அறைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு வந்த கப்பல் ஒன்றிலும் அவர் மனைவியும் மகனும் வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, அந்தச் சின்னச் சப்பாத்துகள் நடைவழியில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் அண்ணை எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.